சாரலும் காணாக்கடியும்



ஆனி பிறந்துவிட்டால் நம் தென்காசிக் காற்றிலேயே ஒரு குளிர்ச்சி வந்துவிடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து குவிவர். குற்றாலத்துக்கு இத்தனை அருகில் இருந்தும், கரையில் அமர்ந்து எல்லாருடைய துணிமணிகளுக்கும் காவல் இருப்பவள் நான். காரணம், எனக்கு வரும் காணாக்கடி.

ஏழாம் வகுப்பில் படித்தபோது, அருவியில் குளித்துத் துவட்டிய சிறிது நேரத்தில் கைகால்களெங்கும் தடிப்புகள் எழும்பின. அரிப்போ பொறுக்க முடியவில்லை. "காணாத பூச்சி ஏதோ கடித்திருக்கு" என்று ஆச்சி வேப்பிலையால் தடவினார்கள். உறவினர் ஒருவரோ, என் துண்டைத் தொடக்கூடாது என்று தம் பிள்ளைகளைத் தடுத்தார். அரிப்பைவிட அந்தச் சொல்லே எனக்கு அதிகம் வலித்தது.

மருத்துவர் ஒரு பனிக்கட்டியை உறையிலிட்டு என் முன்கையில் 5 நிமிடம் வைத்து எடுத்தார். சற்று நேரத்தில் அதே இடத்தில் தடிப்பு எழுந்தது. "பூச்சியும் இல்லை, தொற்றும் இல்லை. குளிர்ச்சிதான் காரணம்" என்றார்.

நம் தோலில் மாஸ்ட் செல்கள் என்னும் உயிரணுக்கள் உள்ளன. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1878-இல் இவற்றுக்குப் பெயரிட்டார். இவற்றினுள் ஹிஸ்டமின் என்ற பொருள் அடங்கியுள்ளது. ஒவ்வாத உணவு, மருந்து, குளவிக்கொட்டு, கிருமித்தொற்று, சிலருக்குக் குளிர் ஆகியவற்றால் அது வெளிப்படும். உடனே நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து தோல் தடிக்கும். பலருக்குக் காரணம் புலப்படுவதே இல்லை. ஒரு தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்திற்குள் தழும்பின்றி மறைந்துவிடும். 6 வாரங்களுக்கு மேலும் வந்துகொண்டிருந்தால் அது நாட்பட்ட காணாக்கடி. ஹிஸ்டமினின் செயலைத் தடுக்கும் மருந்துகளை ஆராய்ந்த டேனியல் போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். மருத்துவர் எனக்குத் தருவதும் அவ்வகை மாத்திரையே.

ஒரு குவளைத் தண்ணீர் கையை மட்டும் குளிர்விக்கும். அருவியோ உடல் முழுவதையும் ஒருசேரக் குளிர்விக்கும். அப்போது என் போன்றோருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கமே வரலாம். வழுக்குப் பாறையில் மயங்கினால் என்னவாகும்! உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ கைவைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான் வெதுவெதுப்பான நீரில்தான் குளிக்கிறேன். சாரலில் கை மறைக்கும் உடையும் குடையும் இன்றி வெளியே போவதில்லை. பிறருக்கு இதம் தரும் ஈரத்துணி ஒற்றடம்கூட எனக்கு ஆகாது. தடிப்பு வந்த நாளையும் அன்று நடந்தவற்றையும் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுகிறேன்.

தோழியரே, காணாக்கடி ஒட்டிக்கொள்ளும் நோயன்று. அதற்காக எவரையும் ஒதுக்காதீர்கள். அருவிக்கு வரத் தயங்கும் தோழியை விளையாட்டுக்காகக்கூடத் தண்ணீருக்குள் இழுக்காதீர்கள். அவள் அருகில் சற்று நேரம் அமர்ந்து பேசுங்கள். அதுவே அவளுக்குப் பேருதவி.