பிள்ளையைக் கேட்கும் முன் எதைக் கேட்பது?



பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் இளம் தம்பதியர் இங்கு மதுக்கரையில் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “ஹஜ்ரத், இந்த நேரத்தில் என்ன ஓத வேண்டும்?” சிலர் சற்றுத் தயங்கி, ஆண் பிள்ளைக்கென்று தனியாக ஏதேனும் துஆ உண்டா என்றும் கேட்பர்.

எனக்கும் என் மனைவிக்கும் மணமாகி ஆறாண்டுகள் பிள்ளையின்றிக் கழிந்தன. சிகிச்சை மேற்கொள்ளலாம் என்று கோவையில் ஒரு மருத்துவர் சொன்னபோது, செலவை எண்ணித் தயங்கினோம். இருவரும் தனித்தனியே இரண்டு ரக்அத் நஃபில் தொழுது இஸ்திகாரா செய்தோம். கனவு எதுவும் வரவில்லை. கனவு வர வேண்டும் என்பது இஸ்திகாராவின் நிபந்தனையும் அன்று. பணத்திற்கு வழி பிறந்தது, சிகிச்சையைத் தொடங்கினோம். அது பலன் தரவில்லை.

“அல்லாஹ்விடம் கேட்டுத்தானே செய்தோம்?” என்று என் மனைவி அழுதார். அன்றிரவு இஸ்திகாரா துஆவின் பொருளை அவருடன் அமர்ந்து நிதானமாகப் படித்தேன். குர்ஆனின் ஸூராவைக் கற்பிப்பதுபோல் நபி (ஸல்) அவர்கள் எல்லாக் காரியங்களுக்கும் இதைக் கற்பித்தார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. அந்த துஆ நாம் நினைத்தது நடந்தே தீர வேண்டும் என்று கேட்பதில்லை. தீனுக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதாயின் எளிதாக்கவும், தீயதாயின் விலக்கவும் கேட்கிறது. நன்மை எங்கிருந்தாலும் அதை விதித்து, அதில் மனநிறைவைத் தரும்படி வேண்டி முடிகிறது. அந்த மனநிறைவுக்காகவே அதன்பின் நாங்கள் அதிகம் துஆ செய்தோம்.

ஸகரிய்யா (அலை) அவர்களின் பிரார்த்தனை அந்நாட்களில் எங்களுக்குத் துணையாயிருந்தது. ஸூரா மர்யமில் அவர்கள் தாழ்ந்த குரலில் இறைவனை அழைக்கிறார்கள். எலும்பு தளர்ந்ததையும் தலை நரைத்ததையும் மனைவியின் மலட்டுத்தன்மையையும் எடுத்துரைத்து, இறைவனின் பொருத்தத்திற்குரிய வாரிசைக் கேட்கிறார்கள். ஆலு இம்ரானிலோ, மர்யம் (அலை) அவர்களிடம் அல்லாஹ் அளித்த உணவைக் கண்ட இடத்திலேயே தூய சந்ததியை வேண்டுகிறார்கள். ஒரு பெண்பிள்ளையின் ஸாலிஹான வாழ்வைக் கண்ட பின்னரே அந்த துஆ பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

மர்யமின் தாயாரும் கருவிலிருந்த பிள்ளையை அல்லாஹ்வின் பணிக்கென நேர்ச்சை செய்தவர்தாம். பெண் பிறந்தது. பெயரிட்டு, அவளுக்கும் அவள் சந்ததிக்கும் ஷைத்தானிடமிருந்து பாதுகாப்புத் தேடினார். அல்லாஹ் அப்பிள்ளையை அழகிய முறையில் ஏற்றுக்கொண்டான். ஸூரா ஷூராவில், தான் நாடியோருக்குப் பிள்ளைகளை வழங்குவதைக் கூறும்போது பெண்மக்களையே அவன் முதலில் குறிப்பிடுகிறான். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. உள்ளத்தின் ஆசையைச் சீர்செய்ய நமக்கு ஈமான் வேண்டும்.

ஏழாம் ஆண்டில் அல்லாஹ் எங்களுக்கு ஒரு மகளைக் கொடுத்தான், அல்ஹம்துலில்லாஹ். “அடுத்தது பையனாகப் பிறக்கட்டும்” என்று ஆறுதல் சொல்ல வந்த உறவினர்களுக்கு என் மனைவி மர்யமின் வரலாற்றையே சொன்னார்.

ஆகவே கேட்டு வரும் தம்பதியருக்கு நான் சொல்வது இதுதான். இப்ராஹீம் (அலை) தம்மைத் தொழுகையை நிலைநாட்டுபவராக ஆக்கும்படி முதலில் கேட்டு, பின்பே சந்ததிக்குக் கேட்டார்கள். அந்த வரிசையைப் பின்பற்றுங்கள். கணவர் ஃபஜ்ரைப் பேணட்டும். வீட்டுக்குள் வரும் வருமானம் ஹலாலானதா என்று பார்க்கட்டும். மனைவியின் வேலைச் சுமையைப் பகிரட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உரிய காலத்தில் பதிந்து, கொடுக்கும் மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ளுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த நபியின் உம்மத் நாம்.

இன்னும் காத்திருப்போரே, உங்கள் துஆ வீணாகவில்லை. அல்லாஹ் உங்களுக்குக் கண்குளிர்ச்சியையும், அவன் தருவதில் மனநிறைவையும் அருள்வானாக. ஆமீன்.