இருவாச்சி மரத்துக்குக் காவல்

"காடு பாக்க அவ்ளோ தூரம் போகணுமா? நம்ம ஸ்ரீரங்கத்துலயே பட்டாம்பூச்சிப் பூங்கா இருக்குல்ல" என்றார்கள் திருச்சித் தோழர்கள். இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில் 2015-இல் திறந்தார்கள். டிக்கெட் வாங்கி நானும் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது வனத்துறையின் பூங்கா. காட்டுச் சனங்களே பார்த்துக்கொள்கிற காடு எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் நான் கிளம்பினேன்.

இந்த ஆசை எங்க அப்பாயியால் வந்தது. கொள்ளிடத்துப் படுகையில் புல்லறுக்கப் போவாள். புல்லு மாட்டுக்கு, மாடு பண்ணையாருக்கு. காவலுக்கு நிற்கிற ஆள் அவள் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொள்வான், கட்டை அவிழ்த்து ஆத்தில் தள்ளுவான். பண்ணையாரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காடு என்றால் எங்கள் தெருவுக்கு அரிவாளைப் பறிகொடுத்த இடம், அவ்வளவுதான்.

பொள்ளாச்சி, வால்பாறை, மளுக்கப்பாறை வழியாக இறங்கினால் கேரளத்து வாழச்சால். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. குடலே வெளியே வந்துவிடும். தேயிலை முடிந்ததும் மழைக்காடு. காடர்கள் பேசுவது பாதி நம்ம பேச்சு மாதிரியே காதில் விழுகிறது. கூட்டிப்போன பெரியவர் ஒரு மரத்தடியில் கையமர்த்தி நிற்க வைத்தார். அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு பொந்து. உள்ளே பெரிய இருவாச்சியின் பெட்டை, தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு கீற்றுதான் திறப்பு. ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீற்றில் ஊட்டுகிறது. அது பறந்து வரும்போது இறக்கைச் சத்தம், அடேயப்பா, ரயில் இன்ஜின் மூச்சு விடுகிற மாதிரி!

"சின்னப் புள்ளையில நாங்களே குஞ்ச எடுத்துத் தின்னிருக்கோம்" என்றார். கூச்சப்படவில்லை. தேனுக்கு மரமேறுகிறவர்களுக்கு எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பது அத்துபடி. அந்த அறிவுதான் இப்போது கூட்டுக்குக் காவல் நிற்கிறது. 'வேட்டையாடி அழித்தவர்களை நாங்கள் திருத்தினோம்' என்று சொல்லிக்கொள்ள ஒரு கூட்டம் எப்பவும் தயார். காட்டை மொட்டையடித்தது யார்? கொச்சி சமஸ்தானம் 1907-இல் பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு டிராம்வே ஓட்டித் தேக்கையும் ஈட்டியையும் இறக்கியது. 1963 வரை அது ஓடியது. நடுவிலும் பின்னாலும் அணைகள். காடர் குடிசைகளைப் பெயர்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

2006-இல் வந்த வன உரிமைச் சட்டத்தின்படி, 2014-இல் இங்கே ஒன்பது காடர் ஊர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர். அந்தப் பத்திரம் வெறும் காகிதம் இல்லை. அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் அணை கட்டுவோம் என்று அரசு திரும்பத் திரும்ப வந்தபோது, 'எங்க கிராமசபையைக் கேட்டீங்களா' என்று நிமிர்ந்து கேட்க முடிந்தது. திட்டத்தைக் கைவிட்டதாக 2021-இல் அரசே சொன்னது. அணை வந்திருந்தால் ஆத்தோரத்து மரங்களோடு இருவாச்சிக் கூடுகளும் போயிருக்கும். சிங்கவால் குரங்குக்கும் அந்தக் காடுதான் வீடு.

ராத்திரி அடுப்படியில் பெரியவர் கேட்டார்: "உங்க ஆத்தங்கரைக் காட்டுக்கு நீங்க கேக்கலாம்ல?" கேட்கலாம்தான். ஆனால் பழங்குடி அல்லாதவர்கள், 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டை நம்பி அங்கேயே குடியிருந்ததைக் காட்டவேண்டும். 1930-இல் சேரிக்காரன் பெயரை எவன் எழுதி வைத்தான்? பெரியவர்களின் வாய்மொழியும் சாட்சிதான் என்று விதியில் இருக்கிறது. ஆபீசில் காகிதம்தான் கேட்பார்கள்.

"வயசாளிங்க எத்தனை பேர் இருக்காங்க?" என்றார். விரல்விட்டு எண்ணினேன். எண்பதைத் தாண்டிய கிழவிகள் மூன்று பேர். ஒருத்திக்குக் காது கேட்காது. அவர்களுடைய அம்மாக்கள் படுகையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் இப்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.