பொரிக்கறியின் தடம்

பெண்ணாடத்தில் எங்கள் சின்னம்மா அவரைக்காய்ப் பொரியலுக்கு நெய்யைத் தொடவே மாட்டார். கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. அரிந்த பிஞ்சு அவரையைப் போட்டு, உப்பு சேர்த்து, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடுவார். “ஊத்தாத, தெளிச்சாப் போதும். காய் அதோட ஆவியிலயே வேகணும்” என்பார். பச்சை மங்குவதற்குள் இறக்கி, வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்துத் தூவிவிடுவார். பால் பொருள் சேராத, சூடான காய்கறி சாலட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இந்தப் பக்குவம் எவ்வளவு பழையது என்று தேட ஆரம்பித்தேன்.

பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் வீட்டு விருந்தில் ஒரு மாதுளங்காய்க் கறி வருகிறது. அரிந்த காய், மிளகு, கறிவேப்பிலை, வெண்ணெய். கிட்டத்தட்ட நம் பொரியலேதான், ஆனால் வெண்ணெயில் வெந்தது.

அடுத்து அம்பாசமுத்திரம் கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் அங்குள்ள கோயிலின் அன்றாட அமுதுக்காக 290 காசு வைக்கிறான். காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று வகை பிரித்து வெட்டியிருக்கிறார்கள். மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி என்று சரக்கு ஐந்தையும் சொல்லியிருக்கிறார்கள். மடைப்பள்ளிக் கணக்கு ஒன்று ஆயிரம் ஆண்டு தாண்டி இவ்வளவு துல்லியமாக நிற்பதைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. மிளகாய் அதில் இல்லை. 1498க்குப் பிறகு போர்ச்சுகீசியரோடு கடல் கடந்து வந்த சரக்கு அது. பொரிப்பதற்கு அங்கும் நெய்தான்.

விருந்தும் கோயில் அமுதும் எழுத்தில் ஏறின. நெய்க்கு வழியில்லாத வீட்டு அடுப்பை யார் எழுதிவைப்பார்கள்? அங்கே நல்லெண்ணெய்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடலெண்ணெயின் வழி தெளிவாகவே தெரிகிறது. வேர்க்கடலை தென் அமெரிக்கப் பயிர். 19ஆம் நூற்றாண்டில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், அதாவது எங்கள் மாவட்டத்தில், பெருவாரியாகப் பரவியது. புதுச்சேரி வழியாகக் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போனது. வெளிநாட்டுக்கென்று விதைத்த கடலை உள்ளூர்ச் செக்கிலும் ஆடி எங்கள் வாணலிக்கு வந்து சேர்ந்தது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் இன்றைக்கு வி.ஆர்.ஐ. என்ற பெயரில் கடலை ரகங்களை வெளியிடும் அளவுக்கு அது இந்த மண்ணின் பயிராகிவிட்டது. சின்னம்மா அதை எண்ணெயாகவும் பொடியாகவும் ஒரே வாணலியில் சேர்க்கிறார்.

மார்கழி, தை மாதங்களில் பந்தல் அவரை காய்த்துத் தள்ளும். அப்போது செய்தால் ருசியே வேறு. அவரை கிடைக்காத ஊர்க்காரர்கள் பீன்ஸில் செய்யலாம். அது வேகச் சற்று நேரம் பிடிக்கும். இன்னொரு கை தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.