மீண்டு வந்த கித்தார்

ஒரு பொருள் கடைவீதியில் எளிதிற் கிடைக்குங் காலத்து அதனை நாடுவோர் சிலரே. இனி அது கிடையாது என்னும் செய்தி பரவிய பின்னர் அதனை வேண்டி நிற்போர் பலராவர். இவ்வியல்பை எள்ளி நகையாடுவோர் உளர். யானும் ஒரு காலத்தில் நகைத்ததுண்டு. என் தமையனார் பொருட்டு அந்நகைப்பு அடங்கிற்று. அவ்வரலாற்றையும், அதனோடு பிணைந்த ஓர் இசைக்கருவியின் வரலாற்றையும் நம் கல்லூரிப் பத்திரிகையின் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

என் தமையனார் எனக்குப் பதின்மூன்று ஆண்டு மூத்தவர். எந்தையார் முன்னரே காலமாயினமையின் குடும்பச் சுமை அவர் தோள்மேல் வந்து விழுந்தது. பகலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மாலையில் கித்தார் வாசிப்பு. 1979-ஆம் ஆண்டில் ஒருநாள் அவர் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுக் குவியல் ஒன்றைக் கிளறி, செட் அட்கின்ஸ் என்னும் அமெரிக்கக் கலைஞரின் தட்டொன்றை வாங்கி வந்தார். அதன் அட்டையின்மேல் ஆரஞ்சு நிறக் கித்தார் ஒன்றன் படம் இருந்தது. அன்றிரவு அத்தட்டு எத்தனை முறை சுழன்றதென்று எண்ணியவர் இலர். கட்டைவிரல் அடிநாதத்தைத் தாளம் வழுவாது நடத்திச் செல்ல, ஏனைய விரல்கள் அதன்மேற் பாட்டை இசைத்தலின், இருவர் அமர்ந்து வாசிப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. "இல்லை தம்பி, ஒருவரே வாசிக்கின்றார். அக்கருவியும் அவருக்கு உடன்பட்டுப் பேசுகின்றது, அவ்வளவே" என்றார் தமையனார்.

அக்கருவி கிரெட்ச் ஸ்தாபனத்தாரின் 6120 என்னும் எண் பெற்ற கித்தார். மின்சாரக் கித்தார்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று கெட்டியான மரத்தால் ஆயது. மற்றொன்று வீணையின் குடம்போல் உள்ளே வெறுமையுடையது. இரண்டிலும் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றது. ஆயினும் குடமுடைய கருவியில் மேற்பலகையும் உள்ளிருக்குங் காற்றும் கம்பியோடு கூடி அதிர்தலின், சுரம் பிறக்கும்போதே மரத்தின் மூச்சும் உடன் பிறக்கின்றது. அதன் குறையும் அதன்கண்ணே உளது. ஒலிபெருக்கியை உரக்க வைப்பின் அவ்வோசையே திரும்பி வந்து பலகையை அதிர்விக்க, கருவி ஊளையிடத் தொடங்கும். இதுபற்றியே அட்கின்ஸ் தமக்கென அமைந்த பிறிதொரு கித்தாரில் எஃப் எழுத்தின் வடிவான துளைகளை மூடச் செய்தார். பின்னர்ச் சில ஆண்டுகள் அவ்விடத்தில் துளைபோன்ற வண்ணமே தீட்டப்பெற்று வந்தது.

இந்த ஸ்தாபனத்தின் மூலம் மிக எளியது. ஜெர்மனி தேசத்து மான்ஹைம் நகரத்தினின்றும் குடியேறிய பிரெடரிக் கிரெட்ச் என்பவர் 1883-இல் நியூயார்க்கைச் சார்ந்த புரூக்ளினில் பாஞ்சோ, முரசு, கஞ்சிரை போன்ற தாம்பரீன் முதலியவற்றைச் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றைத் திறந்தார். 1895-இல் அவர் இறந்தபோது தொழிலை ஏற்ற மைந்தருக்கு வயது பதினைந்தே. அவ்விளைஞர் அதனைப் பெருக்கி, 1916-இல் பத்து மாடிக் கட்டடம் ஒன்றையும் எழுப்பினார். 1955-இல் அட்கின்ஸின் பெயர் தாங்கிய 6120 விற்பனைக்கு வந்தது. மாட்டுத் தலையும் கள்ளிச்செடியும் அதன் தண்டியிற் பொறிக்கப்பெற்றிருந்தன. உடலின்மேல் ஜி என்னும் எழுத்துச் சூடுபோட்டாற்போல் விளங்கிற்று. அட்கின்ஸ் அவ்வலங்காரங்களை விரும்பாமையால் அவை விரைவில் நீக்கப்பெற்றன. 1964-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் தோன்றியபோது ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்ததும் கிரெட்ச் கித்தாரே. ஏறத்தாழ 7 கோடி மக்கள் அதனைக் கண்டனர்.

ஏற்றத்தை அடுத்தே இறக்கமும் வந்தது. 1967-இல் பியானோ செய்யும் பால்ட்வின் கம்பெனியாருக்கு அந்த ஸ்தாபனம் விற்கப்பட்டது. 1970-இல் தொழிற்சாலை புரூக்ளினை விட்டு ஆர்க்கன்சா மாகாணத்துப் பூன்வில் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. இயந்திரங்கள் பெயர்ந்தன, அவற்றைப் பழகிய கைகள் பெரும்பாலும் பெயரவில்லை. 1973-இல் அங்குத் தீ விபத்தும் நேர்ந்தது. அட்கின்ஸும் பின்னர் விலகி வேறொரு நிறுவனத்தாரோடு சேர்ந்தார். 1980-ஐ அடுத்த சில ஆண்டுகளுக்குள் கிரெட்ச் கித்தார் செய்வதே நின்றுபோயிற்று.

இவற்றுள் ஒன்றும் என் தமையனார் அறியார். மூர் மார்க்கெட்டில் அத்தட்டை வாங்கிய மாதமுதல் அஞ்சலகச் சேமிப்பில் அவர் ஒரு தொகை இட்டு வந்தார். கப்பற்கூலியும் சுங்கத்தீர்வையும் கணக்கிட்டு எழுதிய காகிதம் அப்புத்தகத்தினுள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1982-இல் வெளிநாட்டுக் கடையொன்றுக்கு விலை கேட்டு எழுதினார். இரண்டு திங்கள் கழித்து மறுமொழி வந்தது: அக்கருவி இப்போது செய்யப்படுவதில்லை; பழையது கிடைப்பின் அறிவிப்போம். அவர் அக்கடிதத்தை எனக்குக் காட்டிச் சிரித்தார். யானும் சிரித்தேன். இல்லாத பொருளுக்குப் பணஞ் சேர்ப்பவரைக் கண்டு சிரிப்பது அவ்வயதில் எனக்கு எளிதாயிருந்தது.

1984-இல் யான் இக்கல்லூரியிற் சேரவேண்டிய காலம் வந்தது. சேர்க்கைக் கட்டணத்திற்கும் விடுதிப் பணத்திற்கும் வழியில்லை. அன்னையார் தம் வளையல்களைக் கழற்றி வைத்தார். தமையனார் அவற்றை எடுத்து மீண்டும் அவர் கையில் இட்டுவிட்டு, "அந்தக் கித்தாரைத்தான் இப்போது செய்வதில்லையே, அம்மா. பணம் வீணே கிடக்கின்றது" என்றார். மறுநாட் காலை அஞ்சலகஞ் சென்று முழுத் தொகையையும் எடுத்து வந்தார். அக்கருவி வழக்கொழிந்ததே என் கல்விக்கு வாயிலாயிற்று.

இஃதிவ்வாறிருக்க, மேனாட்டிலோ அதனை விரும்புவோர் பெருகி வந்தனர். லாங் ஐலண்டைச் சேர்ந்த பிரையன் செட்சர் என்னும் இளைஞர் 1959-ஆம் ஆண்டு செய்யப்பெற்ற 6120 ஒன்றை ஏந்தி, ஸ்ட்ரே கேட்ஸ் என்னுங் குழுவோடு 1980-இல் இலண்டன் சென்று புகழ்பெற்றார். அவரைக் கேட்ட இளைஞர் கடைகளிற் சென்று கேட்டபோது புதிய கருவி இல்லை. பழையவற்றின் விலை ஏறிற்று. இந்நிலையில் ஸ்தாபகரின் கொள்ளுப்பேரர் பிரெட் கிரெட்ச் என்பவர், தம் சிறிய தந்தையரோ பெரிய தந்தையரோ விற்றதை யாம் ஏன் மீட்டல் வேண்டும் என்று வாளா இராது, 1985-இல் குடும்பப் பெயரை மீண்டும் விலைகொடுத்து வாங்கினார். 1989-இல் ஜப்பான் தேசத்துத் தெராதா தொழிற்சாலையிற் செய்யப்பெற்ற புதிய கித்தார்கள் வெளிவந்தன.

1990-இல் யான் ஆசிரியப் பணியிற் சேர்ந்த புதிது. ஒரு நூலகத்தில் வெளிநாட்டு இசைப் பத்திரிகை ஒன்றைப் புரட்டுங்கால் அவ்வாரஞ்சு நிறக் கித்தாரைக் கண்டேன். விளம்பரம்! மீண்டும் செய்கின்றனர்! என் உள்ளம் மகிழவில்லை, குன்றிற்று. எங்கள் தங்கையின் திருமணக் கடனைத் தமையனார் அப்போது அடைத்துக்கொண்டிருந்தார். என் ஊதியமோ சிறிது. அவரிடம் இதனைச் சொல்லின், அவர் எதை இழந்தார் என்பதைச் சொல்வதாக முடியும். ஆகவே பத்திரிகையை மூடி வைத்துவிட்டு வீடு சென்றேன். அன்றுமுதல் பதினெட்டு ஆண்டுகள் அச்செய்தியை அவரிடம் யான் வாய்திறந்து கூறவில்லை.

அவ்வாண்டுகளில் இக்கருவியைப் பற்றிக் களவாய்ப் படித்து வந்தேன். புதியதைப் பெற்ற அன்பர்கள் அதனோடு அமைதியுறவில்லை என அறிந்தேன். வண்ணம் ஒன்றே, பெயர் ஒன்றே. ஆயினும் ஒலி அதுவன்று என்றனர். 1958 முதல் ஏறத்தாழ 1961 வரை செய்தவற்றுள் மேற்பலகையையும் கீழ்ப்பலகையையும் இணைத்துத் தாங்கும் முட்டுகள் உள்ளே இருந்தன. ஊளையை அடக்குவதும் சுரத்தை இறுக்குவதும் அவையே. ரே பட்ஸ் என்பவர் அமைத்த ஃபில்டர்ட்ரான் என்னுங் காந்தச் சுருளின் தன்மையும் புதியவற்றில் முழுதும் அமையவில்லை. டி. வி. ஜோன்ஸ் என்று அறியப்படுங் கைவினைஞர் பழைய முறையை ஆராய்ந்து அச்சுருள்களை மீண்டும் இயற்றினார். 2002-இன் இறுதியில் செய்யும் பொறுப்பு ஃபெண்டர் கம்பெனியாரிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர் அவ்வுள்முட்டுகளும் மீண்டன. அட்கின்ஸ் விலகியபோது அவரோடு சென்ற அவர் பெயர், அவர் 2001-இல் இறந்த பின், 2007-இல் கிரெட்ச் கித்தாரின்மேல் திரும்பிற்று. இடைக்காலத்தில் அது நாஷ்வில் என்னும் பெயரோடு உலவியது.

இதனைப் படித்தபின் என் பழைய நகைப்பை நினைந்து நாணினேன். அவ்வன்பர்கள் வேண்டியது ஆரஞ்சு வண்ணத்தையன்று. பெயர் அறியாத தொழிலாளர் பலர் புரூக்ளினில் பழகிப் பழகிக் கண்ட ஒரு முறைமை, எழுதிவைப்பார் இன்றித் தொழிற்சாலையோடு கலைந்துபோயிற்று. 'இஃது அதுவன்று' என்று பிடிவாதமாய்ச் சொல்லும் செவிகள் இல்லாதிருந்தால், உள்ளே முட்டு இருந்ததென்பதையே உலகம் மறந்திருக்கும். மீண்டும் வேண்டுமென்று கேட்பது சில வேளைகளில் ஒரு கல்வியைக் காப்பதாகும்.

2008-இல், கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவர் வாயிலாக, அக்கித்தார் ஒன்றை வருவித்துத் தமையனார் முன் வைத்தேன். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. பேழையைத் திறந்தவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. யானே பேசினேன். "அண்ணா, இது மீண்டும் வந்ததை 1990-லேயே அறிவேன். தங்களிடம் மறைத்துவிட்டேன்" என்றேன்.

"யானும் அவ்வாண்டே அறிவேன், தம்பி" என்றார் அவர். "உடன் வாசிக்கும் நண்பர் சொன்னார். உனக்குத் தெரிந்தால் உன் படிப்பை நினைந்து வருந்துவாயே என்று அவரையும் சொல்லாதிருக்கச் செய்தேன்."

பின்னர் ஒரு கைவிளக்கைக் கொணரச் சொல்லி, துளையின் வழியே உள்ளே நோக்கினார். "முட்டு இருக்கின்றது" என்றார். அவர் முகம் மலர்ந்தது. மூர் மார்க்கெட்டுத் தட்டிற் கேட்ட அப்பாட்டை வாசிக்கத் தொடங்கினார். இடக்கைச் சுண்டுவிரல் முன்போல் விரியவில்லை. இரண்டிடத்தில் மெட்டுத் தவறிற்று. நின்று, மீண்டும் தொடங்கினார். கருவி மீண்டு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் மீளவில்லை. அவர் அதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அன்றுமுதல் மாலைதோறும் அவர் வாசிக்கின்றார். மூர் மார்க்கெட்டோ 1985-ஆம் ஆண்டுத் தீயில் அழிந்துபோயிற்று. என் பட்டச் சான்றிதழ் சட்டமிட்டுச் சுவரில் தொங்குகின்றது. அவர் அதன் கீழேதான் அமர்கின்றார். கட்டைவிரல் தாளம் வழுவாது நடக்கின்றது.