கொள்ளிவாய்ப் பிசாசும் குழிக் காற்றும்

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவலைப் படித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் வஸந்த்தும் அலைவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் திருவாதவூர்க் கண்மாய்க்கரைதான் நினைவுக்கு வரும். அங்கே இரவில் ஒரு வெளிச்சம் எழும் என்பார்கள். ஊரார் அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்பர். எங்கள் நன்னிமாவோ ஜின்களின் விளக்கு என்பார். மஃரிபு பாங்கு ஒலித்தபின் எங்களைக் கரைப்பக்கம் விடவே மாட்டார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையன்று. குஜராத்தின் கட்ச் பகுதியில் இதற்குச் 'சிர் பத்தி' என்று பெயர். வங்காளச் சதுப்புகளில் 'ஆலேயா'. 1776ஆம் ஆண்டு இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா, மாஜோரே ஏரியின் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்துப் பற்றவைத்தார். எரிந்தது! இலைதழைகள் காற்றுப் புகாத சேற்றில் மக்கும்போது உண்டாகும் மீத்தேன் அது. சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் பெரும்பாலும் அதுவே.

சரி, கண்மாயில் தீக்குச்சி கிழித்தது யார்? இந்தக் கேள்விதான் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களை அலைக்கழித்தது. தானே பற்றும் பாஸ்பரஸ் வாயு என்றனர் சிலர். 2025இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ரிச்சர்டு ஸேர் குழுவினர், நீரில் எழும் மீத்தேன் நுண்குமிழிகளுக்கிடையே மிகச்சிறு மின்பொறிகள் பாய்வதை ஆய்வுக்கூடத்தில் கண்டனர். பிசாசின் வாயில் கொள்ளி வைத்தது குமிழியே போலும்!

நன்னிமாவின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. இருட்டில் சேறும் பாம்பும் உள்ள கரைக்குப் பிள்ளைகளை எவர் அனுப்புவார்? ஆனால் வெளிச்சத்தைக் கண்டு மிரண்ட மகனுக்குத் தாயத்துக் கட்டவென்று கம்மலை அடகு வைத்த ஒரு தாயை நான் அறிவேன். அந்தக் கம்மல் மீளவே இல்லை.

சகோதரிகளே, வெளிச்சம் காட்டும் காற்று எவரையும் கொன்றதாக நான் கேட்டதில்லை. கொல்வது வெளிச்சம் காட்டாத காற்று. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றிலும் கழிவுத்தொட்டியிலும் மீத்தேன் உயிர்க்காற்றை விலக்கிவிடும். உடன் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கையே மரக்கச் செய்துவிடும், நாற்றமும் தெரியாது. முதலில் இறங்கியவர் விழுவார். தூக்க இறங்கியவரும் விழுவார். விளக்கை இறக்கிச் சோதிப்பதும் ஆபத்தே, மீத்தேன் வெடிக்கும். ஆளை இப்படித் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

போன கோடையில் எங்கள் வீட்டுத் தொட்டியைத் திறந்ததும், வந்த ஆள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க முற்பட்டார். அத்தா அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, மேலூரிலிருந்து உறிஞ்சு லாரியை வரவழைத்தார். செலவு இரட்டிப்பானதைப் பற்றி இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்.