பேரன் வீட்டு மீன்தொட்டியும் நான் கசக்கிய பஞ்சும்

ரெண்டு மாசமா ஊர்ச் சேதி எதுவும் எழுதலையேன்னு சிலர் கேட்டிருந்தீங்க. நான் ஊர்லயே இல்லைங்க. சம்பா அறுவடை முடிஞ்சு, வயல்ல உளுந்து நாலு இலை விட்டிருந்த நேரத்துல, கண்புரை ஆபரேஷனுக்குன்னு மக என்னைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அவ வீடு அபிராமபுரத்துல. பேரைக் கேட்டா எங்க பக்கத்து ஆளுக்குத் திருக்கடையூர் அபிராமிதான் ஞாபகத்துக்கு வருவா. போய்ப் பார்த்தா சி.பி. ராமசாமி சாலை ஹாரன் சத்தம்தான். அதனால இந்தத் தடவை வயல் கதை கிடையாது. ஒரு மீன்தொட்டியைப் பத்தியும், அதுல நான் பண்ணின தப்பைப் பத்தியும் எழுதுறேன்.

பேரனுக்கு எட்டு வயசு. பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை தொட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். விளிம்பு வரைக்கும் ரொப்பினா 56 லிட்டர் பிடிக்கும். அதுல ஆறு தங்கமீன். வாங்கின அன்னிக்கே தண்ணி ஊத்தி அன்னிக்கே மீனையும் விட்டிருக்காங்க. கடைக்காரர் அப்படித்தான் விடலாம்னு சொன்னாராம். சென்னையில வண்ணமீனுன்னா கொளத்தூர்தான். வளர்க்கிறதும் விக்கிறதுமா அந்தப் பக்கம் எத்தனையோ குடும்பம் அதை நம்பித்தான் இருக்கு. ஆனா இது வீட்டுக்குப் பக்கத்துல வாங்கினது.

மீனுக்கெல்லாம் பேரன் எங்க வீட்டு மாட்டுப் பேரையே வச்சிருந்தான். வெள்ளையா இருந்தது மயிலை. முழி பிதுங்கின கறுப்பு மீன் காரி. மிச்சம் நாலும் செவலை. எங்க மயிலைக் காளை போன வருஷம் செத்துப்போச்சு. அது அவனுக்குத் தெரியும். அதை அவன் மறக்கலைன்னு அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் போய் இறங்கும்போது தொட்டி வச்சு 12 நாள் ஆகியிருந்தது. தண்ணி லேசா பால் கலந்த மாதிரி மங்கலா இருந்தது. ஆபரேஷனுக்கு இன்னும் நாலு நாள். வீட்ல எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிட்டாங்க. சும்மா உக்காந்து பழக்கமில்லாத ஆளு நான். பையன் வர்றதுக்குள்ள தொட்டியைச் சுத்தம் பண்ணி வச்சா சந்தோஷப்படுவானேன்னு இறங்கிட்டேன்.

மீனை வாளிக்கு மாத்தினேன். தொட்டித் தண்ணி முழுசையும் கொட்டினேன். கூழாங்கல்லை அரிசி களையிற மாதிரி அஞ்சு தண்ணியில அலசினேன். மோட்டாருக்குள்ள இருக்கிற பஞ்சைக் கழட்டினா பழுப்பா, வழவழன்னு சேறு. குழாயடியில வச்சுக் கசக்குக் கசக்குன்னு கசக்கி, வாங்கின அன்னிக்கு இருந்த வெள்ளைக்குக் கொண்டு வந்துட்டேன். அதே குழாயிலேர்ந்து நேரா தொட்டியை ரொப்பினேன். ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம், 'மீன் தூங்குற நேரத்துல மோட்டார் எதுக்கு, கரண்டு வீணா'ன்னு சுவிட்சையும் அணைச்சேன்.

சாயங்காலம் பையன் வந்து, "தாத்தா, கண்ணாடி மாதிரி இருக்கு!"ன்னு குதிச்சிருந்தான்.

மறுநாள் காலையில மயிலை ஒருக்களிச்சு மிதந்தது. அதுக்கு அடுத்த நாள் சாயங்காலத்துக்குள்ள ரெண்டு செவலையும் போயிருச்சு. மிச்ச மூணும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு நின்னுச்சு. மக அலுவலகத்துலேர்ந்து வந்த அலுப்புல பையனைத் திட்டினா. "நீதான் அள்ளி அள்ளித் தீனி போட்டே, சொன்னா கேட்டியா?" அவன் தோசையைத் தொடலை. படுக்கும்போது என் பக்கம் திரும்பி, "நான்தான் தாத்தா கொன்னுட்டேன்"னு சொன்னான். அந்த இடத்துல நான் ஏதாவது சொல்லியிருக்கணும். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது. ஆனா வாய் வரலை. அவன் தலையைத் தடவிக் கொடுத்துட்டு, தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்.

செத்த மீனைக் கீழே மண்ணுல புதைக்கப் போனப்பதான் கீழ்வீட்டு மாமியைப் பார்த்தேன். தரைத்தளத்துல தனியா இருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் வச்ச தொட்டி ஒண்ணு பதினோரு வருஷமா ஓடுதாம். அவர் போனதுக்கப்புறம் இவங்கதான் பார்த்துக்கிறாங்க. என் கையில இருந்ததைப் பார்த்துட்டு, "தண்ணி எப்போ மாத்தினேள்?"னு கேட்டாங்க.

"முந்தாநாள்."

"எவ்வளவு மாத்தினேள்?"

"முழுசும்."

"பஞ்சு?"

"நல்லாக் கசக்கி வெள்ளையாக்கிட்டேங்க."

மாமி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "தோய்க்கிற கல்லுல போட்டு அடிக்கலையே, அது வரைக்கும் சரி"ன்னாங்க.

சின்னச் சின்ன பாட்டிலோட மாடிக்கு வந்தாங்க. தொட்டித் தண்ணியைச் சோதனைக்குழாயில எடுத்துச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினாங்க. மஞ்சளா நின்னா அம்மோனியா இல்லைன்னு அர்த்தமாம். எங்களோடது நாத்து மாதிரி பச்சையா வந்தது. நாத்து அந்தப் பச்சையில நின்னா எனக்குச் சந்தோஷம். அன்னிக்கு வயித்தைப் பிசைஞ்சது.

அவங்க சொன்னதையும், அப்புறம் ஆபரேஷன் முடிஞ்சு ஒத்தைக் கண்ணால போன்ல படிச்சதையும் சேர்த்து எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். மீன் செவுள் வழியாவே அம்மோனியாவை வெளியே விடுது. கழிவும், தின்னாம மிஞ்சின தீனியும் அழுகினாலும் அதேதான். ஆத்துலயும் குளத்துலயும் அது கலைஞ்சு போயிடும். 56 லிட்டர்ல எங்க போகும்? அதைத் தின்ன ஒருவகை நுண்ணுயிர் இருக்கு. அது அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, அதிகமாச்சுன்னா தண்ணி மாத்தினாப் போதும். இந்த நுண்ணுயிர்கள் தண்ணியில மிதக்கிறதைவிடப் பஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டிக்கிட்டு வாழுறதுதான் அதிகம். அதாவது நான் குழாயடியில கசக்கித் தள்ளின பழுப்புச் சேறு இருக்கே, அதுதான் அந்தத் தொட்டியோட விளைச்சலே. தப்பிச்சு மிஞ்சினதைக் குழாய்த் தண்ணியில இருந்த குளோரின் பார்த்துக்கிச்சு. இதுக்கெல்லாம் மூச்சு விடக் காத்தோட்டமான தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். ராத்திரி மோட்டாரை அணைச்சு அதையும் கெடுத்தேன்.

சாதாரண நுண்ணுயிர் பல அரை மணிக்குள்ள இரட்டிச்சிரும். இந்த வகை இரட்டிக்க அரை நாள், ஒரு நாள், அதுக்கு மேலயும் ஆகும். அதனாலதான் புதுத் தொட்டி பக்குவப்பட நாலு வாரத்துலேர்ந்து ஆறு வாரம் ஆகுது. 12-ஆவது நாள் தொட்டியில இருந்த அந்தப் பால் மங்கல் அழுக்கே இல்லை. அதுவும் உயிர்தான், வேறவகை. விட்டிருந்தா தானா தெளிஞ்சிருக்கும்.

இங்கதான் எனக்கு வெக்கமாப் போச்சு. மண்ணுல உயிர் இருக்கு, கொல்லாதீங்கன்னு உங்களுக்கெல்லாம் இத்தனை வருஷமா எழுதினவன் நான். பச்சைச் சாணியைப் போட்டா பயிர் கருகும், குப்பைக்குழியில மக்கவிட்டுத்தான் போடணும்னு சொல்றேனே, அந்த மக்கலோட கடைசிப் பாதி வேலை இதே நுண்ணுயிருங்களோடதுதான். 1890 வாக்குல வினோகிராட்ஸ்கிங்கிற ரஷ்ய விஞ்ஞானி இந்த ரெண்டு வகையையும் பிரிச்சு எடுத்ததே மண்ணுலேர்ந்துதானாம். அதைவிட, எங்க பண்ணைக்குட்டையில கட்லாவும் ரோகுவும் விடுறதுக்கு முன்னாடி சுண்ணாம்பு போட்டு, சாணி கரைச்சு, ரெண்டு வாரம் தண்ணியைச் சும்மா விட்டுவச்சுத்தானே குஞ்சு விட்டேன்? மண்குட்டையில தெரிஞ்சது கண்ணாடித் தொட்டியில தெரியலை. எங்க ஆத்தா தேத்தாங்கொட்டையை உரசித் தண்ணியைத் தெளிய வைக்கும். தெளிஞ்சா நல்ல தண்ணின்னு அப்பவே மனசுல பதிஞ்சிருச்சு போல.

மாமி இன்னொரு பாட்டில்ல கார அமிலத்தையும் பார்த்தாங்க. 8 காட்டுச்சு. இவங்க அடுக்குமாடியில மெட்ரோ தண்ணியும் போர் தண்ணியும் ஒரே தொட்டியில கலக்குது. போர் தண்ணி கொஞ்சம் கரிக்கும். 7-லேர்ந்து 8 ஆனா, அதே அளவு அம்மோனியாவுல நஞ்சா நிக்கிற பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு ஆயிடுமாம். 'அப்ப இந்தத் தண்ணியில மீனே வளர்க்க முடியாதா?'ன்னேன். "ஏன், எங்காத்துல வளரலையா? அம்மோனியா வராம பாத்துண்டாப் போறும்"னாங்க. (இடையில ஒண்ணு. சென்னைக்கு வர்ற வீராணம் தண்ணி எங்க கொள்ளிடத்துக் கீழணையிலேர்ந்து வடவாறு வழியா வர்ற தண்ணி. 2004-லேர்ந்து 200 கிலோமீட்டருக்கு மேல குழாய்லயே வருது. எங்க ஊர்த் தண்ணி இங்க வந்து குளோரின் குடிச்சுட்டு நிக்குதேன்னு தோணுச்சு.)

வைத்தியம் என்னன்னா, மாமி தன் தொட்டிப் பஞ்சுல ஒரு துண்டு வெட்டி, அந்தத் தண்ணியோடயே ஒரு டம்ளர்ல போட்டுக் கொடுத்தாங்க. காயக்கூடாது, குழாயில காட்டக்கூடாது, அப்படியே நம்ம மோட்டார்ல வைக்கணும். உறைமோர் வாங்கிட்டுப் போற மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறினேன்.

அன்னிக்கு ராத்திரி பையன்கிட்ட சொன்னேன். "நீ போட்ட தீனியால மயிலை சாகலடா. தாத்தா பஞ்சைக் கழுவிட்டேன். அதுல இருந்த உயிரெல்லாம் போயிருச்சு. அதனால செத்துச்சு." அவன் ரொம்ப நேரம் என்னையே பார்த்தான். "அன்னிக்கே தெரியுமா?"ன்னு கேட்டான். "சந்தேகம் இருந்துச்சு"ன்னேன். அவன் எழுந்து போய் அவங்க அம்மா பக்கத்துல படுத்துக்கிட்டான். அடுத்த நாள் முழுக்க என்கிட்ட சரியாப் பேசலை. அது நியாயந்தான்.

அதுக்குள்ள எனக்குக் கண் ஆபரேஷன் ஆயிருச்சு. கண்ணுல தண்ணி தெறிக்கக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டதால தொட்டிக்குள்ள கை வைக்க முடியாது. வேலை எல்லாம் பேரன் கைக்குப் போயிருச்சு. நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருப்பேன். அவன் முந்தின நாளே வாளியில பிடிச்சு வச்ச தண்ணியை எடுத்து, தினமும் கால்வாசி மாத்துவான். 24 மணி நேரம் திறந்து வச்சா குளோரின் போயிடும். குளோரமைன் போட்ட தண்ணின்னா இந்த வேலை நடக்காது, கடையில விக்கிற குளோரின் நீக்கிச் சொட்டு மருந்துதான் விடணும். மோட்டார் ராப்பகலா ஓடுச்சு. தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், ரெண்டு நிமிஷத்துல தின்னு தீர்க்கிற அளவு மட்டும். அவன் துகளை எண்ணி எண்ணிப் போடுவான்.

ஒரு வாரத்துல பச்சை வெளுத்து மஞ்சளாச்சு. அப்பாடான்னு இருந்தா மாமி, "இனிமேதான் அடுத்தது வரும்"னாங்க. வந்தது. நைட்ரைட் பாட்டில்ல தண்ணி ஊதாவாச்சு. அது மீனோட ரத்தத்தைப் பிராணவாயு சுமக்க விடாது, தண்ணியில காத்து இருந்தும் மீன் திணறும். அதுக்கு அயோடின் கலக்காத கல்லுப்பு, லிட்டருக்கு ஒரு கிராம் கணக்குல, கரைச்சு ஊத்தினோம். உப்புல இருக்கிற குளோரைடு நைட்ரைட்டை செவுள் வழியா உள்ளே போகவிடாம மறிக்குமாம். காரி மட்டும் ரெண்டு நாள் மூலையிலயே கிடந்தது. பையன் பள்ளிக்கூடம் போகும்போது என்னைப் பார்த்து, "தாத்தா, மோட்டாரை அணைக்காதே"ன்னு சொல்லிட்டுப் போனான். ஆனா பேசினான்.

மாத்தின பழைய தண்ணியை நான் வீணாக்க விடலை. நைட்ரேட் இருக்கிற தண்ணி, பயிருக்கு அதானே சாப்பாடு. உப்பு போடுறதுக்கு முன்னாடி வரைக்கும் பால்கனி மிளகாய்ச் செடிக்கும் மாமியோட துளசிக்கும் ஊத்தினேன். மிளகாய் பதினஞ்சு நாள்ல கருகருன்னு தழைச்சிருச்சு. மக இப்ப அதுக்கு என்னமோ நான்தான் யூரியா போட்டேன்னு அக்கம்பக்கத்துல சொல்லிக்கிட்டு இருக்கா.

நாலாவது வாரம் நான் ஊருக்குக் கிளம்பும்போது நைட்ரைட் இன்னும் லேசா ஊதா காட்டுச்சு. பையன் எழும்பூருக்கு வரலை, அது தண்ணி மாத்துற நேரமாம். ரயில் விழுப்புரம் தாண்டினப்ப மக போன்லேர்ந்து ஒரு படம் வந்தது. ரெண்டு சோதனைக்குழாய். ஒண்ணு மஞ்சள், இன்னொண்ணு தெளிஞ்ச நீலம். ரெண்டுமே பூச்சியம். கூடவே அவன் குரல்ல ஒரு சேதி. "தாத்தா, காரி சாப்பிட்டுச்சு. அடுத்த மாசம் ஒரு வெள்ளை மீன் வாங்கலாமான்னு மாமிகிட்ட கேட்டேன். ஒண்ணுதான் வாங்கணுமாம். நீ வரும்போது பஞ்சைத் தொடாதே."