வழித்துணை



குமரிமுனையிலிருந்து தில்லியின் நிசாமுத்தீன் நிலையம் வரை செல்லும் திருக்குறள் விரைவு வண்டியில் இரண்டு இரவுகளைக் கழித்தவர்களுக்கு நம் நாட்டின் நீளத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்ற கார்த்திகையில் நமக்கு அப்பயணம் வாய்த்தது. நம் பங்கின் மீனவக் குடும்பமொன்றின் மகள் மூன்றாண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பை முடித்து, முதல் வேலையை நாடித் தில்லிக்குப் புறப்பட்டாள். தந்தைக்குக் கடற்கரையன்றி வேறு ஊர் தெரியாது. "சாமி, நீங்களும் கூட வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்" என்று அவர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை.

உள்ளூரில் வேலை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ஆனால் அந்த ஊதியம் படிப்புக்கு வாங்கிய கடனின் வட்டிக்கே போதாது. மேலும், எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலியர் தேர்வை எழுதுவதற்குப் பட்டயம் பெற்றவர்கள் 50 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனையில் 2 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். அந்த 2 ஆண்டுகளைத் தேடியே அவள் புறப்பட்டாள். தில்லியில் பெரிய மருத்துவமனை ஒன்றில் இடம் இருப்பதாகத் தொலைபேசியில் ஒரு முகவர் உறுதி கூறியிருந்தார்.

வண்டியில் தந்தை சன்னலை விட்டு அகலவில்லை. விசயவாடாவில் கிருஷ்ணையைக் கடந்தோம். இருளில் கோதாவரி பாலத்தின் ஓசையாக மட்டும் கேட்டது. நருமதாபுரத்தில் நருமதை, குவாலியருக்கு அப்பால், ஆழ்ந்த மண் பள்ளங்களுக்கிடையே சம்பல். ஒவ்வோர் ஆற்றையும் கண்டு, "இது எந்தக் கடலுக்குப் போகுது சாமி?" என்று கேட்டார். சம்பல் யமுனையிலும், யமுனை கங்கையிலும் கலந்து வங்கக் கடலைச் சேரும் என்றோம். "அப்படியானால் தில்லித் தண்ணீரும் நம்ம பக்கந்தான் வருது" என்றார். மகளைத் தொலைவில் விடப்போகும் மனம் எதையெல்லாம் பற்றிக்கொள்கிறது!

மறுநாள் காலை, உடலை நடுக்கும் குளிரில் அந்த மருத்துவமனையை அடைந்தோம். வெளியே பெரிய பெயர்ப்பலகை. உள்ளே குறுகிய படிக்கட்டு. மேலாளர் கனிவாகவே பேசினார். இரண்டாண்டு ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இடையில் விலகினால் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். அதுவரை மூலச் சான்றிதழ்கள் அலுவலகத்தில் இருக்கும். தந்தை நம் முகத்தை நோக்கினார். களைப்பும், மொழி தெரியாத அச்சமும், திரும்பிச் செல்லக் குறித்திருந்த நாளும் நம்மை அழுத்தின. "கையெழுத்துப் போடு மகளே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றோம். இதை எழுத நமக்கு வெட்கமாயிருக்கிறது. நம் சோர்வுக்கு ஆண்டவரின் திருப்பெயரைப் போர்வையாக்கினோம்.

அவள் கையெழுத்திடவில்லை. வார்டுகளைப் பார்க்க அனுமதி கேட்டு உள்ளே சென்றாள். சற்று நேரத்தில் திரும்பி வந்து, "சாமி, 22 கட்டில்தான் இருக்கு. இங்கே 2 வருசம் வேலை பார்த்தாலும் அது கணக்கில் வராது. சர்டிபிகேட்டையும் கொடுத்துவிட்டால் நான் வேறு எங்கே போவேன்?" என்றாள். தந்தை மேசைமேலிருந்த கோப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "வலையை அடகு வைத்துவிட்டு யாரும் கடலுக்குப் போக மாட்டான், வா" என்றார்.

அதன்பின் 9 நாட்கள் தங்கினோம். தந்தைக்கும் நமக்கும் பங்கு இல்லமொன்றில் இடம் கிடைத்தது. மகள் அருட்சகோதரிகளின் விடுதியில் தங்கினாள். அச்சகோதரியர் வழியாக அறிமுகமான மலையாள மூத்த செவிலியர் ஒருவர், தம் ஓய்வு நேரங்களில் அவளை மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்றார். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்கள் தில்லிச் செவிலியர் மன்றத்திலும் பதிய வேண்டும் என்பதை விளக்கினார். வலிக்குத் 'தர்த்', வாந்திக்கு 'உல்ட்டி', தலைச்சுற்றலுக்குச் 'சக்கர்' என்று நோயாளரின் மொழியைக் கற்பித்தார். ஒன்பதாம் நாள், பெரிய மருத்துவமனையொன்றில் நகல்களைப் பெற்றுக்கொண்டு, மூலச் சான்றிதழ்களை அவளிடமே திருப்பித் தந்து வேலையும் தந்தார்கள்.

இடையில் வந்த ஞாயிறன்று, என்றி மெட் என்ற ஆங்கிலேயச் சிற்பி வடிவமைத்த, செங்கல்லாலான திரு இருதயப் பேராலயத்தில் திருப்பலி கண்டோம். அங்கே தோபித்து ஆகமம் நம் நினைவுக்கு வந்தது. கொடுத்து வைத்த பணத்தைப் பெற்றுவர மகனைத் தொலைவுக்கு அனுப்பும் தோபித்து, துணையாகச் செல்பவர் யார், எந்தக் குலம் என்று வினவாமல் அனுப்பவில்லை. தாயோ, பணத்திற்காகப் பிள்ளையை அனுப்புவதா என்று அழுதாள். வந்த துணைவரோ ரபேல் அதிதூதர். 'கடவுள் குணமாக்குகிறார்' என்பது அப்பெயரின் பொருள். நாமோ, தொலைபேசியில் கேட்ட ஒரு குரலை நம்பி, ஒன்றும் வினவாமல் புறப்பட்டோம். அவளுக்கு ரபேலாக வந்தவர் குருவாகிய நாமல்லர். முன்பின் அறியாத அந்தச் செவிலியரே.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2011, 2012 ஆண்டுகளில் தில்லியிலும் மும்பையிலும் கேரளத்திலும் தனியார் மருத்துவமனைச் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தபோது, பறித்து வைத்த சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. உச்ச நீதிமன்ற ஆணையின்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று 2016-இல் பரிந்துரைத்தது.

ஆகவே, பெற்றோரே, மகளை அனுப்புமுன் வினவுங்கள். படுக்கைகள் எத்தனை? பத்திரம் உண்டா? தங்குமிடம் யாருடையது? ஊதியம் எழுத்தில் உண்டா? மூலச் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். அவ்வூர்ப் பங்குக்கு ஒரு கடிதம் கேளுங்கள்; எழுதித் தருவது நம் கடமை. ஏற்கெனவே வெளியூரில் பணிபுரியும் நம் செவிலிய மகளிரே, புதிதாய் வருபவளை நிலையத்தில் சென்று எதிர்கொள்ளுங்கள்.

நிசாமுத்தீனில் வண்டி நகர்ந்தபோது தந்தை அழவில்லை. சம்பல் பாலத்தில்தான் அழுதார். நாம் ஒன்றும் கூறாமல் செபமாலையைக் கையிலெடுத்தோம். சற்று நேரத்தில் அவரும் உடன் செபித்தார்.